லவோனின் நாற்காலியில் ஹார்க்னஸ்

அமெரிக்காவில் ஏரிக்கரையோரம் இருக்கிற ஈரி நகரத்தில் லவோன் ஜப்லோன்ஸ்கியிடம் பல் சுத்தம் செய்துகொண்டவர்கள் எல்லாருமே ஒரு தடவையாவது அவளிடம் வாதத்தில் தோற்றவர்கள்தான். தோற்காமல் என்ன செய்வது? ஆள் மல்லாந்து படுத்திருப்பார். வாயில் உறிஞ்சுகுழாய் கொரகொரவென்று ஓடிக்கொண்டிருக்கும், ஈறுக்குப் பக்கத்தில் கொக்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து, "ஞாயித்துக்கிழமை நம்ம கோச் கடைசி நேரத்துல பந்தை உதைச்சு விட்டது சரியா, நீங்களே சொல்லுங்க கண்ணு" என்று கேட்பாள். சொல்ல வாய் வேண்டுமே. அவர் கையைத் தூக்கி ஏதோ காட்டுவார். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்று லவோன் அடுத்த பல்லுக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், ரயில் என்ஜின் ஆலைக்கு நடந்து போகிற தூரத்தில், அப்பா கட்டிய இரண்டு மாடி வீட்டில் பிறந்தவள். ஞானஸ்நானம் ஆன மறு வாரமே ஈரி லான்டர்ன்ஸ் அணியின் ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த ஊரில் கால்பந்து என்றால் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, கையால் எறிகிற பந்துதான், உதைப்பது எப்போதாவது. லவோனுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. கணவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஃப்ளோரிடாவுக்குப் போகலாம் என்றான். நவம்பரில் வெயில் அடிக்கிற ஊரில் உட்கார்ந்து என்னால் ஆட்டம் பார்க்க முடியாது என்றாள் இவள். விளையாட்டாகச் சொல்வதாக நினைத்தான். அவன் போனான், இவள் போகவில்லை.

கீழ்மாடியில் அவள். மேல்மாடியில் தம்பி காஸிமிர், ஊருக்கெல்லாம் காஸ். நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவனுக்கும் ஒரு கல்யாணம் முறிந்த பிறகு ஒரு சூட்கேஸும் ஒரு நாயுமாக வந்து மேலே ஏறியவன், இறங்கவேயில்லை. மைதானத்தின் தெற்கு முனையில், வேலிக்கு நாலு வரிசை தள்ளி, அப்பா வாங்கி வைத்த இரண்டு இருக்கைகள் அவர்களுடையவை. வாரம் முழுக்கப் பேசிக்கொள்ளாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரே காரில் போவார்கள், ஒரே போர்வையை முழங்காலில் போட்டுக்கொள்வார்கள்.

இனி ஜூனியஸ் ஹார்க்னஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிரணியில் பந்தை எறிகிறவனுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அவன் எறிவதற்குள் காவலுக்கு நிற்கிற மலைபோன்ற ஆட்களைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து, அவனைத் தரையோடு சாய்க்கிறவன் ரஷர். ஹார்க்னஸ் அந்த வேலையை டேடன் மியூல்ஸ் அணிக்காகப் பதிமூன்று வருடம் பார்த்தவன். மியூல் என்றால் கோவேறு கழுதை. லான்டர்ன்ஸ் ரசிகர்கள் அந்த அணியைக் கழுதைகள் என்று மட்டுமே சொல்வார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், கோப்பைக்குப் போகும் வழியில், ஈரியிலேயே நடந்த ஆட்டம். லான்டர்ன்ஸ் முன்னணியில் இருந்தார்கள். முடிய இரண்டு நிமிடம் இருக்குமோ என்னவோ. நேட் ரென் என்ற உள்ளூர்ப் பையன் குவார்ட்டர்பேக். ஊரே அவனைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. பந்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தால் போதும் என்ற நேரத்தில் ஹார்க்னஸ் இடது பக்கத்திலிருந்து வந்தான். ரென்னின் தோள் தரையில் மோதிய சத்தம் நாலாவது வரிசை வரை கேட்டது. பந்து துள்ளி வெளியே உருண்டது, கழுதைகளில் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினான், ஆட்டம் போச்சு. ரென்னின் தோளும் போச்சு. அதன் பிறகு அவன் எறிந்தது எதுவும் போய்ச் சேரவில்லை. அந்தக் கணத்தில் தொலைக்காட்சிக் கேமரா லவோன் முகத்தில் நின்றது. அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். நாடு முழுக்கச் சுற்றிய அந்தப் படத்தில் அவளுடைய கடைவாய்ப்பல்லில் அடைத்திருந்த வெள்ளி வரைக்கும் தெரிந்தது என்று அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் டாக்டர் ஃபெட்ஸ்கோ இன்றைக்கும் கேலி செய்வார்.

அப்படிப்பட்ட ஹார்க்னஸைத்தான் இந்த நவம்பரில் லான்டர்ன்ஸ் வாங்கலாமா என்று பேச்சு கிளம்பியது.

அணி அந்த வருடம் எதிர்பாராத வகையில் ஜெயித்துக்கொண்டிருந்தது. பெக்கெட் என்ற இளம் ரஷர் எதிரணிகளைப் பந்தாடிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடாமலே அவன் முழங்கால் திருகிக்கொண்டது. அந்த வருடத்துக்கு அவன் அவ்வளவுதான். ஹார்க்னஸ் அப்போது முப்பத்தாறு வயதில் வீட்டில் உட்கார்ந்திருந்தான். கோடைக்காலத்தில் டேடன் அவனைக் கழற்றிவிட்டிருந்தது. வேறு எந்த அணியும் ஒப்பந்தம் போடவில்லை. யார் கூப்பிட்டாலும் போகலாம்.

செவ்வாய்க்கிழமை மாலை லவோன் அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். வானொலியில் பட்ஜ் ஹாலரனின் நேயர் நிகழ்ச்சி. ஹார்க்னஸ் வேண்டுமா வேண்டாமா என்று பட்ஜ் கேட்டிருந்தான். முதல் ஆள் பேச ஆரம்பித்தான். அந்தக் குரல் வானொலியில் கேட்பதற்கு ஒரு நொடி முன்பே தலைக்கு மேலிருந்தும் கேட்டது. லவோன் கரண்டியைக் கையில் வைத்தபடியே கூரையைப் பார்த்தாள். காஸ் பேசிக்கொண்டிருந்தான். ஹார்க்னஸை வாங்கு, இன்றைக்கே வாங்கு, விமானம் அனுப்பி வாங்கு என்றான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வானொலி நிலையத்துக்குப் போன் போட்டாள். இப்போது பேசிய ஆளின் அக்கா நான், அதே வீட்டின் கீழ்மாடியிலிருந்து பேசுகிறேன் என்றதும் பட்ஜுக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரையும் ஒரே இணைப்பில் போட்டான்.

"ரென்னோட தோளை ஒடச்சவனுக்கு நம்ம சட்டையா?" என்றாள் லவோன். "உனக்கு வெக்கமா இல்ல?"

"அவன் வேலையை அவன் செஞ்சான், வோனி. நம்ம ஆளு அதைச் செஞ்சிருந்தா நீ அவனுக்குச் சிலை வச்சிருப்பே."

"சரி, வெக்கத்தை விடு. முட்டி? ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன். போன வருஷம் மூணே மூணு பேரைத்தான் சாய்ச்சான்."

"அவனுக்கு மட்டும் ரெண்டு ரெண்டு பேரைக் காவல் போட்டாங்க, அதனால. முழு ஆட்டமும் எவன் ஆடச் சொன்னான்? ஆட்டத்தோட கடைசிக் கால் பாகத்துல கொஞ்ச நேரம் இறக்கினா போதும். மத்தவனெல்லாம் களைச்சுப் போயிருப்பான், இவன் அப்பத்தான் பெஞ்சை விட்டு எந்திரிச்சு வருவான்."

"பெஞ்சை விட்டு எந்திரிக்கவே ஒரு கால் பாகம் ஆகும் அவனுக்கு."

பட்ஜ் விளம்பரத்துக்குப் போக மறந்து அவர்களை ஓடவிட்டான். நடுவில் காஸ் கோபத்தில் தரையை மிதிக்க, அந்தச் சத்தம் லவோனின் போன் வழியாக ஊருக்கே கேட்டது. மறுநாள் காலையில் ஈரியில் யாரும் ஹார்க்னஸ் வேண்டுமா என்று கேட்கவில்லை. நீ மேல்மாடியா, கீழ்மாடியா என்றுதான் கேட்டார்கள். பணிமனையில் ஓட்டுநர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சாப்பிட்டார்கள். பேக்கரிக்காரி சர்க்கரை தூவிய போன்ச்கி என்ற போலிஷ் பணியாரத்தில் பாதிக்கு மேல்பக்கமும் பாதிக்கு அடிப்பக்கமும் ஜாம் வைத்து விற்றாள். லவோனின் நாற்காலியில் படுத்தவர்கள் வாய் திறந்திருக்க, கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டினார்கள். மேலே காட்டியவர்களுக்கு அன்று கொஞ்சம் ஆழமாகவே சுத்தம் நடந்தது என்று ஊரில் ஒரு பேச்சு. அவள் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை போலிஷ் சங்கத்துக் கூடத்தில் அக்காவும் தம்பியும் மேடையில் நேருக்கு நேர் மோதப் போகிறார்கள், நேரடி ஒலிபரப்பு என்று பட்ஜ் அறிவித்தான். லவோனுக்குப் புதன்கிழமை முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. வேலைக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே பேசிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் டாக்டர் ஃபெட்ஸ்கோ அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். லான்டர்ன்ஸ் ஆட்டக்காரர்கள் வாயில் போட்டுக்கொள்ளும் பல்காப்புக்கு அச்செடுப்பது அவருடைய மருத்துவமனையில்தான். புது ஆள் ஒருவருக்கு அச்செடுக்க வேண்டும், பின்கதவு வழியாக வருவார், இன்னும் கையெழுத்து ஆகவில்லை, ஆனால் ஆகிவிட்டால் உடனே தேவைப்படும் என்று அணியிலிருந்து சொன்னார்களாம். பெயரைச் சொன்னார். லவோன் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இங்க யார் வந்தாங்கங்கிறது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. உனக்கே தெரியும்" என்றார் டாக்டர். "கஷ்டமா இருந்தா நானே எடுத்துக்கறேன்."

"இருபத்தாறு வருஷமா உங்களுக்கு அச்சு எடுக்கறது யாரு?" என்றாள் லவோன். "நான்தான் எடுப்பேன்."

அவன் தலையைக் குனிந்துதான் கதவுக்குள் வர வேண்டியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, தாடியில் அங்கங்கே நரை. நாற்காலியில் படுத்ததும் கால் இரண்டும் முனையைத் தாண்டித் தொங்கின. குட் ஆஃப்டர்நூன் மேடம் என்றான். அலபாமாப் பேச்சு, அடித்தொண்டையிலிருந்து மெதுவாக வந்தது. லவோன் மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பசையைக் கரைத்து அச்சுத் தட்டில் நிரப்பி, வாயை நல்லாத் திறங்க கண்ணு என்றாள். வாய்ப் பழக்கம், சொன்ன பிறகுதான் யாரைக் கண்ணு என்று கூப்பிட்டோம் என்று உறைத்தது.

தட்டை மேல்தாடையில் வைத்து அழுத்தியதும் ஹார்க்னஸின் கண் கலங்கியது. தோள்பட்டை துள்ளியது. குவார்ட்டர்பேக்குகளைக் குலைநடுங்க வைத்த ஆளுக்குக் குமட்டல். பசை இறுகும் வரை தட்டை எடுக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு லவோன் இரண்டு வைத்தியம் வைத்திருந்தாள். ஒன்று, ஒரு காலைத் தூக்கி அப்படியே பிடிக்கச் சொல்வது. கவனம் காலுக்குப் போய்விடும். இன்னொன்று, விடாமல் பேசுவது.

"வலது காலைத் தூக்குங்க. இன்னும் மேல. அப்படியே பிடிங்க. மூக்கால மூச்சு விடுங்க" என்றாள். அவன் தூக்கினான். பேச வேண்டும், பேச வேறு எதுவும் அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. "நான் யாருன்னு சொல்றேன். தெற்கு முனை, நாலாவது வரிசை. நீங்க ரென்னைச் சாய்ச்ச இடம் எனக்கு எதிர்ல இருந்துச்சு. என் தம்பி அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. நான் மறுநாள் வேலைக்கு வரல. ஏழு வருஷமா ஒவ்வொரு தடவை உங்க டீம் இங்க வரும்போதும் உங்களைத் திட்டறதுக்காகவே ஒரு மணி நேரம் முன்னாடி போய் உக்காருவேன். காலை இறக்காதீங்க. ரெண்டு முட்டியும் போச்சுன்னு பேசிக்கறாங்களே, நெசமா? நெசம்னா இப்படித் தூக்கிப் பிடிக்க முடியாதே."

கால் நடுங்கியது. இறங்கவில்லை. குமட்டலும் நின்றிருந்தது. அவள் தட்டை அசைத்து எடுத்தாள். அச்சு பிசிறில்லாமல் விழுந்திருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அவளையே பார்த்தான்.

"மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குறீங்களா மேடம்?"

இறக்கினாள். ஹார்க்னஸ் சிரிக்க ஆரம்பித்தான்.

"நீங்கதானா அது. உங்க படம் எங்க டிரஸ்ஸிங் ரூம்ல என் அலமாரி மேல ஏழு வருஷம் ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் பாத்துட்டுப் போவேன்."

லவோன் அச்சுத் தட்டை மேசையில் வைத்தாள்.

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினான். பதிமூன்று வருடம் ஆடிய டேடனில் ஒரு போனில் முடித்துவிட்டார்கள், போன் செய்த பையனுக்கு அவன் பெயரைச் சரியாகச் சொல்லவே வரவில்லை. அந்தக் கோடை முழுக்கக் கடைக்குப் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஈரியிலிருந்து கூப்பிட்டார்கள். நேற்று விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டி தூக்குகிற ஆள் அவனைப் பார்த்து, நீ ஒழிஞ்சு போ, என்றானாம்.

"எனக்கு அது எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. இந்த நாட்டுல என்னை மறக்காத ஊர் இது ஒண்ணுதான்" என்றான். "ஆனா வீட்டுல போதும்ங்கறாங்க. முட்டி சில நாள் நல்லா இருக்கு, சில நாள் இல்ல. ராத்திரிக்குள்ள சொல்லணும். நீங்களே சொல்லுங்க மேடம், நான் வரட்டுமா?"

"வேண்டாம்னு இன்னிக்குச் சாயங்காலம் ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லப் போறேன்" என்றாள் லவோன்.

"ரேடியோலயா? கீழ்மாடி நீங்கதானா?" அவன் இன்னும் பெரிதாகச் சிரித்தான். "ஹோட்டல்ல உக்காந்து கேக்கறேன்."

பின்கதவு வழியாகப் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த மூன்று நோயாளிகளிடம் லவோன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர், உடம்புக்கு எதுவும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலையில் சங்கத்துக் கூடம் பிதுங்கியது. ஒரு பக்கச் சுவரில் ஏணி வரைந்து மேல்மாடி என்று எழுதியிருந்தார்கள், எதிர்ச் சுவரில் கீழ்மாடி. இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட பெப்பரோனி உருண்டைகள் தட்டுத் தட்டாக வந்தன, பியர் தீர்ந்து இன்னொரு பீப்பாய் உருட்டினார்கள். வெளியே ஏரிப்பனி கொட்டத் தொடங்கியிருந்தது; யாரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. காஸ் கல்யாணத்துக்குப் போட்ட டையைக் கட்டியிருந்தான். மேடையில் லவோனைப் பார்த்து, வா, உன்னைக் கிழிக்கிறேன் என்பது போலப் புருவத்தைத் தூக்கினான்.

கீழ்மாடி முதலில் என்று பட்ஜ் மைக்கைக் கொடுத்தான். லவோன் எழுந்தாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த வாதமெல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் கண் முன்னால் கூடம் தெரியவில்லை. ஏரிக்கரை ஹோட்டலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியைத் திருகுகிற ஆள்தான் தெரிந்தான்.

"அந்த ஆளை நான் எவ்வளவு வெறுக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். கீழ்மாடிப் பக்கம் மேசைகளைத் தட்டியது. "அதுல மாத்தம் இல்ல. சாகிற வரைக்கும் இல்ல." இன்னும் பலமாகத் தட்டினார்கள். சத்தம் அடங்கும் வரை நின்றாள். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம சட்டை போட்டு ஆடின எத்தனை நல்ல பசங்களை நாம மறந்தாச்சு. பேரே வராது. இவனை ஒரு நாள் மறந்தோமா? ஏன்? நம்மளை அந்த மாதிரிப் பயமுறுத்தினவன் வேற எவனும் இல்ல. அந்தப் பயம் ஒரு தடவையாவது நம்ம பக்கத்துல நின்னு எதிராளியைப் பாக்கணும். எனக்கு அதைப் பாக்கணும். வந்தான்னா, முதல் தடவை இறங்கும்போது நான் ஊளையிடுவேன். அது என் உரிமை, அதை யாரும் தடுக்க முடியாது. ரெண்டாவது தடவை அவனுக்காகக் கத்துவேன். வரட்டும்."

 கீழ்மாடிப் பக்கம் ஊளையும் மேல்மாடிப் பக்கம் ஆரவாரமும் ஒன்றாகக் கிளம்பின. காஸ் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு அக்காவை முறைத்தான்.

"இதெல்லாம் நான் சொல்ல வேண்டியது" என்றான். கூடம் சிரித்தது. "நீ யார் பக்கம் இப்ப?"

"வரட்டும்னு சொல்றவங்க பக்கம்."

"அப்ப நான் யாரோட சண்டை போடறது?"

அவன் பிறந்ததிலிருந்து அவள் இருக்கும் பக்கத்தில் நின்று பழகாதவன். டையைத் தளர்த்திவிட்டு, சரி, முட்டியைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று ஆரம்பித்தான். ஐந்து நிமிடத்தில் ஹார்க்னஸ் ஒரு கிழம், போன வருடம் மூன்றே பேரைச் சாய்த்தவன், ரென்னின் தோளை உடைத்தவனுக்கு நம்ம சட்டையா என்று காஸ் மேசையைக் குத்திக்கொண்டிருந்தான். பெஞ்சிலிருந்து கடைசிக் கால் பாகத்தில் இறக்கினால் போதும் என்று லவோன் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு சுவர்ப் பக்கமும் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார்கள். பட்ஜ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் எல்லார் பாக்கெட்டிலும் போன் ஒன்றாக அதிர்ந்தது. பட்ஜ் தன் போனைப் பார்த்து மைக்கில் படித்தான். ஜூனியஸ் ஹார்க்னஸ், இந்த வருடம் முடியும் வரை, ஈரி லான்டர்ன்ஸ்.

கூடத்தின் கூரை தாங்கியது அதிசயம். ஒருவன் பியர்க் கோப்பையோடு மேசைமேல் ஏறினான். சபித்தவர்களும் குதித்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். காஸ் அக்காவின் காதருகே வந்து, உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டான். லவோன் பெப்பரோனி உருண்டை ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, பேச முடியாது என்று கையைக் காட்டினாள்.

சனிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் ஹார்க்னஸிடம், ஏன் ஈரி என்று கேட்டார்கள். ரேடியோவில் ஒரு அம்மா என்னைத் திட்டினார்கள், அதைவிட அன்பாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டுலூத் அணி வந்தது. பனி ஓயவில்லை, மைதானத்தில் கோடுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது கால் பாகத்தில் ஹார்க்னஸை முதல் முறையாக இறக்கினார்கள். பாதி மைதானம் எழுந்து கத்தியது, பாதி ஊளையிட்டது. சொன்ன சொல் தவறாமல் லவோன் கையைக் குவித்து வயிற்றிலிருந்து ஊளையிட்டாள். அந்த முறை டுலூத்தின் காவலாள், வழியில் கிடந்த மூட்டையைத் தள்ளுவது போல அவனைத் தரையில் தள்ளினான். அடுத்த முறையும் அதே கதை. அதற்கு அடுத்த முறை, பந்து எங்கேயோ இருக்க, அவன் வேறு எங்கேயோ பனியில் வழுக்கிப் போனான்.

"சொன்னேனா இல்லையா, கிழம்" என்றான் காஸ், மகிழ்ச்சியாக.

"செவ்வாய்க்கிழமை நீதான்டா விமானம் அனுப்பச் சொன்னே."

"அது செவ்வாய்க்கிழமை."

கடைசிக் கால் பாகத்தில் லான்டர்ன்ஸ் மூன்று புள்ளி முன்னால் இருந்தார்கள். பந்து டுலூத்திடம். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, லவோன் உட்கார்ந்திருந்த தெற்கு முனையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நல்ல எறி போதும். ஹார்க்னஸ் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்தான். ஓடி என்று சொல்ல முடியாது, ஒரு மாதிரி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தான். லவோன் எழுந்தாள். மொத்த முனையும் எழுந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டையில் அந்தப் பெயர் இத்தனை வருடம் போன வழியிலேயேதான் போனது, சத்தம் மட்டும் வேறாக இருந்தது.

பந்து அசைந்ததும் அவன் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தன்னை அதுவரை தள்ளிக்கொண்டிருந்த அந்தக் காவலாளின் மார்பிலேயே முட்டினான். களைத்திருந்த அவன் ஒரு அடி பின்வாங்கினான், இன்னொரு அடி, பிறகு கால் பின்னி, சொந்த குவார்ட்டர்பேக்கின் மேலேயே மல்லாக்கப் போய் விழுந்தான். எறிய ஓங்கிய கை தட்டுப்பட்டுப் பந்து செங்குத்தாக மேலே போனது. பனிக்குள் அது எங்கே என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. கீழே வந்தபோது லான்டர்ன்ஸ் பையன் ஒருவன் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

கணக்கில் ஹார்க்னஸ் அன்று யாரையும் சாய்க்கவில்லை. சாய்த்தது யார் என்று காஸிடம் கேட்டால், அந்த டுலூத்காரன் தன் ஆளையே சாய்த்துக்கொண்டான் என்பான். அந்த வருடம் கோப்பை வரவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். ஜனவரியில் இரண்டாவது சுற்றில் வெளியூரில் தோற்றார்கள், ஹார்க்னஸ் முட்டியில் ஐஸ் கட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆனால் அது ஜனவரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்து பிடிபட்டபோது லவோன் தம்பியைக் கட்டிக்கொண்டாள், முன் வரிசைக்காரரைக் கட்டிக்கொண்டாள், தெரியாத ஒரு பெண்ணின் காபியைத் தட்டிவிட்டு அவளையும் கட்டிக்கொண்டாள். காஸ் அழுதுகொண்டிருந்தான், அழவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் தெரு முழுக்கப் பனி, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் யாரோ ஹார்ன் அடித்தார்கள், ஹார்க், நெஸ் என்ற இரண்டு தட்டில். பின்னால் இருந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மலை இறக்கத்தில் ஏரி வரைக்கும் அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. காஸ் ஸ்டியரிங்கைத் தட்டினான். லவோன் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூடுடா குளிருது என்று அவன் சொல்லச் சொல்ல, இடுப்பு வரை வெளியே நீட்டிக்கொண்டு, குரல் உடைந்து காற்று மட்டும் வரும் வரைக்கும் கத்தினாள்.